'பிரேக் பிடிக்கவில்லை' என்னும் தொடர்

சாலை விபத்துகளைப் பற்றிய நாளிதழ்ச் செய்திகளிலும், ஓட்டுநர்கள் தரும் வாக்குமூலங்களிலும், தோட்டத்து மண்சாலையில் மிதிவண்டியோடு விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட சிறுவன் வீட்டில் சொல்லும் சமாதானத்திலும் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது: 'பிரேக் பிடிக்கவில்லை.' இலக்கணம் பயிலும் மாணவன் இத்தொடரைக் கையிலெடுத்தால், முதலில் கேட்க வேண்டியது இதன் எழுவாய் எது என்பதே. எழுவாய் தோன்றாமல் நிற்பது தமிழில் இயல்பு. ஓட்டுநரை எழுவாயாகக் கொண்டால், அவர் பிரேக்கை இயக்கவே இல்லை என்பது பொருள். பிரேக்கையே எழுவாயாகக் கொண்டால், அவர் இயக்கினார், கருவி சக்கரத்தைப் பற்றவில்லை என்பது பொருள். நடைமுறையில் மூன்றாவது ஒரு நிலையும் உண்டு: கருவி சக்கரத்தை நன்றாகவே பற்றியது, சக்கரம் நின்றது, ஆனால் வண்டி வழுக்கிக்கொண்டே போனது. அங்கே பிடிக்காமல் போனது டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடி. அதையும் நாம் 'பிரேக் பிடிக்கவில்லை' என்றே சொல்லி முடித்துவிடுகிறோம்.

இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் செய்தியன்று. முதல் நிலைக்குத் தீர்வு ஓட்டுநரிடம் இருக்கிறது, இரண்டாவதற்குப் பட்டறையில், மூன்றாவதற்கு டயரிலும் வேகத்திலும். குறை எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாதவன் தவறான இடத்தைப் பழுதுபார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் மறுபடியும் சாலைக்கு வருவான். இத்தொடரின் பொருள்களைப் பிரித்துக் காட்டுவதே இப்பொழிவின் நோக்கம். அதற்குப் பிரேக் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்தாக வேண்டும்.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. பிரேக்குக்குத் தடை, தடுப்பான், நிறுத்தி என்று பல ஆக்கங்கள் வழங்குகின்றன. 'தடை' என்பதை மின்னியல் ஏற்கெனவே தனக்காக எடுத்துக்கொண்டது. 'நிறுத்தி' என்பது நிறுத்துவதை மட்டும் சுட்டுகிறது. இக்கருவியின் வேலையில் பெரும்பகுதி வேகத்தைக் குறைப்பதும் இறக்கத்தில் வேகம் கூடாமல் காப்பதுமாகும். ஆதலால் மக்கள் வாயில் நிலைத்துவிட்ட 'பிரேக்' என்பதையே இங்குக் கையாள்கிறேன். இச்சொல்லோடு மக்கள் சேர்த்த 'பிடி' என்னும் வினை நம்முடையது. கருவியின் செயலை அவ்வினை மிகச் சரியாகவே சொல்கிறது.

கட்டையும் வெப்பமும்

தமிழர்க்கு பிரேக் என்ற சொல் புதிது, பொருள் புதிதன்று. கோயில் தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தின் முன்னே இடும் ஆப்பு வடிவ மரத்துண்டே முட்டுக்கட்டை. உருண்டு வரும் சக்கரம் அக்கட்டையின் மேல் ஏற முயல்கிறது. கட்டை தரையோடும் சக்கரத்தோடும் உராய்கிறது. தேரின் ஓட்டம் அடங்குகிறது. வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கில் இருப்பர். ஆனால் தேரின் பாதுகாப்பு, சக்கரத்தருகே கட்டையோடு நிற்கும் சிலரின் கையில் இருக்கும். எந்தக் கணத்தில், எந்தச் சக்கரத்தில், எந்தக் கோணத்தில் கட்டையை இடுவது என்பது பல ஆண்டுப் பயிற்சியால் வருவது. திருவாரூர் ஆழித்தேர் ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன்னுக்குக் குறையாத எடையும் உடையது. அத்தேருக்குத் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களோடு நீர்ம அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கையும் பொருத்தினர். முட்டுக்கட்டைக்காரர்களின் வேலை அதனால் இல்லாமல் போய்விடவில்லை. 'முட்டுக்கட்டை போடுதல்' என்பது இன்று பிறர் முயற்சியைக் கெடுப்பவனைக் குறிக்கும் வசையாகிவிட்டது வருந்தத்தக்கதே. தேரோட்டத்தில் அது உயிர்காக்கும் தொழில்.

மிதிவண்டிச் சக்கரத்தைப் பற்றும் ரப்பர்த் துண்டையும் நம்மவர் 'பிரேக் கட்டை' என்றே அழைக்கின்றனர். மரம் ரப்பராகியும் கட்டை கட்டையாகவே நிற்கிறது.

இக்கட்டைகள் எல்லாம் செய்யும் வேலை ஒன்றே. ஓடும் வண்டியிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. ஆற்றலை அழிக்க முடியாது, மாற்றத்தான் முடியும். பிரேக் அதனை உராய்வின் வழியாக வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுகிறது. இரு உள்ளங்கைகளையும் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் சூடு தெரியும். அதுவே பிரேக்கின் அடிப்படை. உரசுதல் என்னும் செயலுக்கு ஒரு சொல்லும், அச்செயலால் பொருள் குறைவதற்குத் தேய்தல் என்னும் வேறொரு சொல்லும் தமிழில் உண்டு. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் உரசலும் தேய்மானமும் சேர்ந்தே நிகழ்கின்றன. தேயாத பிரேக் என்று ஒன்று இருந்தால் அது உரசாத பிரேக்காகவே இருக்கும்.

இயக்க ஆற்றல், எடை கூடும் அளவுக்கு ஏற்பவே கூடுகிறது. வேகம் கூடினாலோ அதன் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. பிரேக்கைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் வகுப்பில் சொல்ல நேரம் இருக்கிறது என்றால், ஆசிரியர்கள் இதைச் சொல்லலாம்.

மிதிவண்டி

கெடாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு மிதிவண்டியே லோரி. விடியலில் வெட்டிச் சேர்த்த ரப்பர்ப் பாலை வாளிகளில் நிரப்பி, வண்டியின் பின்புறத்தில் கட்டி, மேடு பள்ளமான மண்சாலையில் நிறுவையிடத்திற்குக் கொண்டு சேர்த்தனர். 60 கிலோ எடையுள்ள ஒருவர், 20 கிலோ எடையுள்ள வண்டியில், மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார் என்று கொள்வோம். அவ்வண்டியை நிறுத்த 1,000 ஜூல் ஆற்றல் வெப்பமாக வேண்டும். பின்னால் 40 கிலோ பாலை ஏற்றினால் அது 1,500 ஜூல் ஆகிவிடும். அவர் கையின் வலிமையோ அதேதான்.

அக்கால வண்டிகளில் இருந்தது கம்பிப் பிரேக். கைப்பிடியின் கீழுள்ள நெம்புகோலை இழுத்தால், இணைக்கப்பட்ட இரும்புக் கம்பிகள் மேலேறி, இரண்டு ரப்பர்க் கட்டைகளைச் சக்கர விளிம்பின் உட்பக்கத்தில், அதாவது குடத்தை நோக்கிய பக்கத்தில் அழுத்தும். உறுதியான அமைப்பு, எளிதில் அறாது. ஆயினும் அதற்குத் தீராத ஒரு குறை உண்டு. விளிம்பு பளபளக்கும் முலாம் பூசிய எஃகு. மழை பெய்தால் அதன்மேல் நீர்ப்படலம் படியும். ஈரமான ரப்பருக்கும் ஈரமான எஃகுக்கும் இடையே உராய்வு மிகக் குறைவு. வெயிலில் சில மீட்டரில் நின்ற வண்டி மழையில் பல மடங்கு தொலைவு ஓடியே நிற்கும். மழைக்காலத்து இறக்கங்களில் எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் காலணியை முன்சக்கரத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு வருவதைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். மிதிவண்டியின் தொடக்கக் காலத்தில் டயரின்மேல் நேராக அழுத்தும் பிரேக்குகளே இருந்தன என்பதைப் பின்னாளில் படித்தபோது, அப்பெரியவர்கள் அவ்வமைப்பைத் தம் காலாலேயே மீண்டும் கண்டுபிடித்திருந்தனர் என்று எண்ணிக்கொண்டேன்.

இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் அலுமினிய விளிம்பும், உறைக்குள் ஓடும் எஃகு வடமும் இருக்கின்றன. ஏர்னஸ்ட் பௌடன் என்பவர் 1896-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. வளைந்து செல்லும் குழாய்க்குள் வடம் வழுக்கி, கையின் இழுப்பைச் சக்கரத்தருகே கொண்டு சேர்க்கிறது. அலுமினியம் ஈரத்தில் எஃகைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் வடத்துக்குத் துரு பகை. தஞ்சோங் டாவாய் போன்ற கடலோர ஊர்களில், கருவாடு காயும் அதே உப்புக்காற்றில் மிதிவண்டியும் நிற்கிறது. உறைக்குள் துரு ஏறியதும் வடம் தயங்கும்: இழுத்தால் கனமாக இருக்கும், விட்டால் கட்டை விளிம்பைவிட்டு விலகாது. 'பிரேக் கனமாக இருக்கிறது' என்றால் கட்டையை மாற்றுவதால் பயனில்லை. வடத்தையும் உறையையும் மாற்ற வேண்டும். வடம் அறுவதற்கு முன் எச்சரிக்கை தரும். கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய இழைகள் ஒன்றிரண்டாக முறிந்து நார்நாராகத் தெரியும். வாரம் ஒருமுறை அவ்விடத்தைப் பார்த்தால் போதும்.

நெம்புகோல் எளிதாக வந்து கைப்பிடியைத் தொட்டுவிட்டால், கட்டை தேய்ந்திருக்கிறது அல்லது வடம் தளர்ந்திருக்கிறது. நெம்புகோல் கெட்டியாக நிற்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால், கட்டை காய்ந்து கல்லாகிவிட்டது அல்லது விளிம்பில் எண்ணெய் பட்டிருக்கிறது. சங்கிலிக்கு எண்ணெய் விடும் ஆர்வத்தில் விளிம்பிலும் சொட்டவிடுவது மாணவர்கள் அடிக்கடி செய்வது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'சரக்' என்று உரசினால் சக்கரம் நெளிந்திருக்கிறது. கட்டை சற்று மேலேறி டயரைத் தொடும்படி பொருத்தப்பட்டிருந்தால், அது சில நாளில் டயரின் பக்கச்சுவரை அறுத்துவிடும். இக்குறைகள் எல்லாம் ஒரே வாக்கியத்தில், 'பிரேக் சரியில்லை' என்றே வீட்டுக்கு வந்து சேர்கின்றன.

முன் பிரேக்கைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் வழக்கத்தையும் இங்கு மறுக்க வேண்டியிருக்கிறது. வேகம் குறையும்போது உடலும் சுமையும் முன்னோக்கிச் சாய்கின்றன. முன்சக்கரம் தரையில் அழுந்துகிறது, பின்சக்கரம் இலேசாகிறது. இலேசான சக்கரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அது வழுக்குமே ஒழிய வண்டியை நிறுத்தாது. நிறுத்தும் ஆற்றலின் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. அதனைத் திடீரென்று முழுவதும் இழுத்தால் குப்புற விழும் ஆபத்து உண்மை. ஆகவே இரண்டையும் ஒருசேர, முன்னதைப் படிப்படியாக இறுக்கி, உடலைச் சற்றுப் பின்தள்ளிப் பிடிக்கக் கற்பிப்பதே முறை. இதனை மிதிவண்டியில் பழகியவனே பிற்காலத்தில் கப்சாய் மோட்டார் சைக்கிளிலும் பிழைப்பான். நம் நாட்டுச் சாலை இறப்புகளில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் செல்வோர் என்பதை மறந்துவிடலாகாது.

பிரேக்கே இல்லாத வண்டியைப் பற்றியும் ஒரு சொல். 2017 பிப்ரவரி 18-ஆம் நாள் விடியற்காலையில் ஜொகூர் பாருவில் மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளில் வந்த பதின்ம வயதினர் எட்டுப் பேர் மகிழுந்து மோதி உயிரிழந்தனர். இவ்வகை வண்டியை 'பாசிக்கால் லாஜாக்' என்பர். கைப்பிடியைத் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றி, படுத்தவாறு பாய்ந்து செல்வதற்கானது. மலாயில் 'தெர்லாஜாக்' என்றால் நிற்க வேண்டிய இடத்தைக் கடந்து போய்விடுதல். அச்சொல்லின் வேரே வண்டியின் பெயரிலும் நிற்கிறது. பெயர் வைத்தவர்களுக்குப் பொருள் தெரிந்தே இருந்திருக்கும்.

மகிழுந்து: மிதியிலிருந்து சக்கரம் வரை

மிதிவண்டியில் கையின் இழுப்பை வடம் கொண்டு செல்கிறது. மகிழுந்தில் காலின் அழுத்தத்தை நீர்மம் கொண்டு செல்கிறது. அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் எனும் சிறு உருளைக்குள் ஒரு தண்டு நகர்ந்து நீர்மத்தைத் தள்ளும். அவ்வழுத்தம் மெல்லிய குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களையும் அடையும். அங்குள்ள தண்டின் பரப்பு பத்து மடங்கானால் விசையும் பத்து மடங்கு. அது நகரும் தொலைவோ பத்தில் ஒரு பங்கு. உரசும் பகுதிகளுக்கு இடையிலான வெளி மிகச் சிறியதாதலால் அத்தொலைவே போதும். நான்கு சக்கரங்களுக்கும் இவ்வமைப்பைப் பெற்று விற்பனைக்கு வந்த முதல் மகிழுந்து 1921-இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் நிறுவனத்தார் செய்தது.

சக்கரத்தருகே இருவகை அமைப்புகள் உண்டு. டிரம் பிரேக்கில் சக்கரத்தோடு சுழலும் ஓர் இரும்புக் குடுவைக்குள் பிறைவடிவக் கட்டைகள் இரண்டு விரிந்து உட்சுவரை உரசும். டிஸ்க் பிரேக்கில் திறந்த வட்டு ஒன்றை இருபுறமிருந்தும் இரண்டு தட்டைக் கட்டைகள் கவ்வும்; நம் பட்டறைகளில் இவற்றைப் பேட் என்பர். வட்டு காற்றில் திறந்திருப்பதால் விரைவில் ஆறும், நனைந்தாலும் விரைவில் உலரும். 1953-இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வண்டிகள் வென்றபின் இவ்வமைப்பு உலகெங்கும் பரவியது. டிரம் மூடியிருப்பதால் வெள்ளநீர் புகுந்தால் எளிதில் வடியாது. தேங்கிய நீரைக் கடந்தபின், மெதுவாகச் சென்றுகொண்டே பிரேக்கை இலேசாகச் சிலமுறை பிடித்து உலர்த்துவது இதனால்தான்.

குழாய்க்குள் இருக்கும் நீர்மத்துக்கு நாம் 'பிரேக் எண்ணெய்' என்று பெயர் சூட்டியிருக்கிறோம். மலாயிலும் மின்யாக் பிரெக் என்பதே வழக்கு. இரண்டு பெயர்களும் பொருந்தா. இன்றைய மகிழுந்துகளில் வழங்கும் டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் வகை வேதிப்பொருளால் ஆனவை, எண்ணெய் அல்ல. பெயரை நம்பி ஒருவர் இயந்திர எண்ணெயை அக்கலத்தில் ஊற்றினால், உள்ளே நீர்மத்தைக் கசியாமல் காக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிப் பருத்துக் கெடும். பிரேக் அமைப்பு முழுவதும் பாழாகும். பிழையான பெயர் ஒன்று நேராக விபத்துக்கு இட்டுச் செல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 'பிரேக் நீர்மம்' என்று பாடநூலிலேனும் எழுதலாம்.

இந்நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. நீர் ஏறிய நிலையில் அவ்வளவு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இவை முறையே 230, 155. ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் நம் நாட்டில் அந்நீர்மத்தைக் காலந்தோறும் மாற்றச் சொல்வது பட்டறைக்காரர் காசு பறிக்கும் தந்திரமன்று. ஏன் என்பதை மலை இறக்கத்தில் காண்போம்.

ஜெராய் மலையிலிருந்து இறங்கும்போது

பீடோங், செமிலிங், மெர்போக் வழியாகத் தஞ்சோங் டாவாய்க்குச் செல்லும் சாலையில் பிரேக்குக்கு அதிக வேலை இல்லை. நிலம் சமம், கடலோடு சாலை முடிகிறது. அச்சாலையில் போகும்போது பக்கத்தே உயர்ந்து தெரிவது 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை. குடும்பத்தோடு 1,400 கிலோ எடையுள்ள ஒரு மகிழுந்து அம்மலைச் சாலையில் 900 மீட்டர் உயரத்தை இறங்குகிறது என்று கொள்வோம். உயரத்தால் அவ்வண்டி பெற்றிருந்த ஆற்றல் ஏறத்தாழ 123 இலட்சம் ஜூல். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே வண்டியை ஒருமுறை நிறுத்த ஏறக்குறைய 4.4 இலட்சம் ஜூல் போதும். அதாவது மலையிலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது, 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 28 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். அவ்வெப்பத்தைக் கொண்டு 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அத்தனையும் சக்கரங்களுக்குள் இருக்கும் சில கிலோ இரும்பில் இறங்குகிறது.

அப்போது இருவகைக் கேடுகள் நேரலாம். இரண்டும் 'பிரேக் பிடிக்கவில்லை' என்றே சொல்லப்படுகின்றன. காலுக்கு அவை நேர் எதிரானவை. உரசும் கட்டையே அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வை இழந்தால், மிதி எப்போதும்போல் கெட்டியாகவே இருக்கும். மிதித்தும் வண்டி அடங்காது, கருகல் நாற்றம் வரும். டிரம் பிரேக்கில் குடுவையும் வெப்பத்தால் விரிந்து கட்டையைவிட்டு விலகுவதால் மிதி சற்று ஆழமாகவும் போகும். மற்றொன்றில் கெடுவது நீர்மம். அது கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் தோன்றும். நீர்மம் அமுங்காது, ஆவி அமுங்கும். காலின் விசை முழுவதும் அக்குமிழிகளை அமுக்குவதிலேயே செலவாகி, மிதி பஞ்சுபோல் தரை வரை போய்விடும். ஆறியபின் வண்டியைப் பார்ப்பவர்க்கு எக்குறையும் தென்படாமல் போகலாம், குமிழி மறைந்திருக்கும். ஓட்டியவர் தம் கால் உணர்ந்ததைச் சரியாகச் சொன்னால் மட்டுமே இரண்டில் எது நேர்ந்தது என்று அறிய இயலும்.

வழி, ஏறிய கியரிலேயே இறங்குவது. தாழ்ந்த கியரில் இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும். தானியங்கி வண்டியில் 'எல்' அல்லது '2' என்று குறித்த இடத்தில் கியர்த் தண்டை வைக்க வேண்டும். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்குவதைவிட, வேகம் கூடும்போது அழுத்திப் பிடித்துக் குறைத்துவிட்டுப் பின் விடுவது நல்லது. பெட்ரோலை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்குவது சாவை அழைப்பதாகும். இயந்திரத்தின் உறிஞ்சுவிசையைக் கொண்டு நம் காலுக்குத் துணைசெய்யும் பூஸ்டர் என்னும் கருவி, இயந்திரம் அணைந்தபின் இரண்டு மூன்று மிதிப்புக்கே தாங்கும். அதன்பின் மிதி கல்லாகிவிடும்.

2013 ஆகஸ்ட் 21-ஆம் நாள் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 37 பேர் மாண்டனர். அப்பேருந்தின் பிரேக் அமைப்பிலிருந்த குறைபாடு விசாரணையில் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. பேருந்துகளிலும் லோரிகளிலும் அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் பிரேக் இருக்கும். அவற்றின் எடை மகிழுந்தைப்போல் பத்து மடங்கு. கணக்கில் உயரத்தை மாற்றாமல் எடையை மட்டும் மாற்றிப் பார்க்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒலிகள் சொல்வன

பட்டறைக்குப் போகும்போது நமக்குத் துணைநிற்பது இரட்டைக்கிளவியும் ஒலிக்குறிப்புச் சொற்களும். மெக்கானிக்கை நம் நாட்டில் பொமென் என்பர்; 'ஃபோர்மன்' என்ற ஆங்கிலச் சொல் மலாய்க்குள் புகுந்து பெற்ற வடிவம் அது. அவரிடம் 'சத்தம் வருகிறது' என்று மட்டும் சொன்னால் அவர் நான்கு சக்கரத்தையும் கழற்ற வேண்டியிருக்கும். 'கிறீச்' என்ற கூர்மையான ஒலியானால் பேட் தேயும் எல்லையை நெருங்கியிருக்கலாம். அதனை அறிவிக்கவே சில பேட்களில் மெல்லிய உலோக நாக்கு ஒன்று வைக்கப்பட்டு, உரிய அளவு தேய்ந்ததும் வட்டைத் தொட்டுக் கீச்சிடுகிறது. 'கரகர' என்றால் தாமதமாகிவிட்டது: உரசும் பொருள் முற்றும் தேய்ந்து, அதனைத் தாங்கும் இரும்பே வட்டை அறுத்துக்கொண்டிருக்கிறது. மிதியில் காலுக்கு 'தடதட' என்ற துடிப்புத் தெரிந்தால் வட்டின் கனம் சீராக இல்லை. ஆனால் திடீரென்று வேகமாக மிதித்தபோது மட்டும் 'டக்டக்டக்' என்று மிதி காலை உதைத்தால் அது குறையன்று. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்பதே பொருள். அவ்வேளையில் பயந்து காலை எடுத்துவிடக் கூடாது.

பிடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுத்தால், ஒரு சக்கரத்தின் பிரேக் மற்றதைவிட வலுவாகவோ மெலிவாகவோ பிடிக்கிறது. மிதியை ஒரே நிலையில் அழுத்தியிருக்க, அது மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால் நீர்மம் எங்கோ கசிகிறது. இது காத்திருக்கக் கூடாத குறை. நம் மலாய் நண்பர்கள் 'பிரெக் தாக் மாக்கான்', பிரேக் உண்ணவில்லை, என்பர். அவர்கள் பிரேக்குக்கு வாயைத் தந்தனர், நாம் கையைத் தந்தோம். இரு மொழியிலும் எந்த உறுப்பு நோயுற்றது என்பது மட்டும் விடுபட்டிருக்கிறது.

டயர் என்னும் கடைசிக் கண்ணி

தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது நிலைக்கு வருவோம். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. வண்டியை நிறுத்துவது டயர் சாலையைப் பற்றும் பிடி. உருளும் டயரின் பிடி, பூட்டிக்கொண்டு சறுக்கும் டயரின் பிடியைவிடப் பொதுவாக அதிகம். சறுக்கும் முன்சக்கரத்தால் வண்டியைத் திருப்பவும் இயலாது. 1978-இல் மெர்சிடஸ் மகிழுந்துகளில் அறிமுகமான ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்ளும் தறுவாயில் பிடியைத் தளர்த்தி, மறுகணமே இறுக்கி, நொடிக்குப் பல முறை இதனைச் செய்கிறது. வழுவழுத்த டயருக்கு அதனாலும் புதிய பிடியைத் தர முடியாது.

நல்ல டயரும் உலர்ந்த தார்ச்சாலையும் இருப்பதாகக் கொண்டு கணக்கிடுவோம். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை வைக்க ஒரு நொடி. 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டி மொத்தம் 13 மீட்டரில் நிற்கும். 60-இல் வந்தது 37 மீட்டரில். 90-இல் வந்தது 70 மீட்டரில். தோட்டப் பள்ளியின் வாயிலில் 37 மீட்டருக்கு முன்னே ஒரு பிள்ளை சாலையில் இறங்குகிறது. 60-இல் வந்தவர் பிள்ளையைத் தொடுமளவில் நின்றுவிடுகிறார். 90-இல் வந்தவர், அதே பிரேக்கை அதே கணத்தில் மிதித்தும், அவ்விடத்தில் இன்னும் மணிக்கு 77 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருப்பார். அவரும் பிரேக் பிடிக்கவில்லை என்றே சொல்வார். அவருடைய பிரேக்கில் எந்தக் குறையும் இருக்காது.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஆசிரியர்கள் பள்ளி வளாகத்தில் நிற்கும் தம் வண்டியிலேயே மாணவர்க்குக் காட்டலாம். கைப்பிரேக் இட்டு, கியர் நடுநிலையிலோ 'பி'யிலோ இருக்க, இயந்திரத்தை அணைத்துவிட்டு மிதியை நான்கைந்து முறை மிதியுங்கள். அது கெட்டியாகும். அப்படியே அழுத்திப் பிடித்தவாறு இயந்திரத்தை இயக்குங்கள். மிதி உங்கள் காலடியில் சற்றே தாழ்ந்தால் பூஸ்டர் நலமாக இருக்கிறது. தாழவில்லை என்றால் பொமெனிடம், 'இயந்திரம் ஓடும்போதும் மிதி கல்லாக இருக்கிறது' என்று சொல்லுங்கள். தாழ்வது நிற்காமல் தரை வரை போனால், 'மிதி தாழ்ந்துகொண்டே போகிறது' என்று சொல்லி, வண்டியை ஓட்டிச் செல்லாமல் அவரை வீட்டுக்கு வரவழையுங்கள்.